பப்பாளியும் நோட்டுப் புத்தகமும்

கேக் செய்ய 'அவன்' அடுப்பு வேண்டும் என்று யார் சொன்னது, சகோதரிகளே? ஒரு பழைய குக்கரும் அரைப் படி மணலும் இருந்தால் போதும். இதை எனக்குச் சொன்னவர் வில்லியனூரில் லூர்து மாதா கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் ஓர் அம்மாள். சொன்னதோடு விடவில்லை, அடுப்பை மூட்டிச் செய்தே காட்டிவிட்டார். நான் போனது பேட்டி எடுக்க. திரும்பி வந்ததோ கை நிறைய மாவும் ஒரு பொட்டலம் விதையுமாக.

வில்லியனூர் புதுச்சேரியிலிருந்து பஸ்ஸில் அரை மணிப் பிரயாணம். பாகூர் தெற்கே, கடலூர்ப் பக்கம். இரண்டையும் இன்னமும் 'கொம்யூன்' என்றுதான் சொல்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 1954-இல் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுப் போனாலும் அந்தச் சொல் போகவில்லை. பஞ்சாயத்துக்குக்கூட 'கொம்யூன் பஞ்சாயத்து' என்றே பெயர். பாகூருக்குப் போகும் வழியில் தமிழ்நாட்டு எல்லைக்குள் நுழைந்து மறுபடி புதுச்சேரிக்குள் வருவதும் உண்டு. பஸ்ஸில் தூங்குகிறவர்களுக்கு இது தெரியாது. நான் தூங்கவில்லை.

வில்லியனூரில் திருக்காமீசுவரர் கோயில் தேரைப் பிரெஞ்சுக் கவர்னரே வடம் பிடித்து இழுத்த காலம் உண்டு; இன்று துணைநிலை ஆளுநர் இழுக்கிறார். அந்தத் தேரோடும் வீதியிலிருந்து கொஞ்ச தூரத்தில், 1877-இல் பிரான்ஸிலிருந்து சுரூபம் கொண்டுவந்து வைத்த மாதா கோயில். அம்மாள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் இரண்டு கோயில் மணியும் கேட்கிறது.

"எந்த மணிக்கு எழுந்திருப்பீர்கள்?" என்று கேட்டேன்.

"காப்பிக்கு எழுந்திருப்பேன்" என்றார்.

புதுச்சேரிக் கிறிஸ்தவக் குடும்பங்களில் கிறிஸ்துமஸுக்கு 'விவிக்கம்' என்று ஒரு கேக் செய்வார்கள். மைதா கிடையாது, ரவைதான். வெண்ணெய், முட்டை, முந்திரி, சர்க்கரைப் பாகில் ஊறிய பழத் துண்டுகள், ரம்மில் ஊறிய திராட்சை. ரம் என்றதும் முகத்தைச் சுளிக்காதீர்கள். ஆரஞ்சுச் சாற்றில் ஊறவைத்தும் செய்யலாம். என்ன, அத்தனை நாள் தாங்காது. பிரெஞ்சுக்காரர் வீட்டுச் சமையலும் நம் வீட்டு ரவையும் சம்பந்தம் செய்துகொண்டால் என்ன பிறக்கும் என்பதற்கு இது நல்ல சாட்சி.

இந்த அம்மாள் வீட்டில் விவிக்கம் மாமியார் கைவேலை. முப்பது டிசம்பர் மருமகள் பக்கத்தில் நின்று எடுபிடி செய்திருக்கிறார். அளவு மட்டும் தெரியாது. "கொஞ்சம் போடு, இன்னும் கொஞ்சம், போதும்" என்பதுதான் பாடம். பிறகு மாமியாருக்கு மறதி நோய் வந்தது. முதலில் ஊர்ப் பெயர்கள் போயின, பிறகு மனிதர் பெயர்கள். மருமகளைப் பார்த்தே, "நீ யார் வீட்டுப் பொண்ணும்மா?" என்று கேட்டாராம்.

"அப்பத்தான் எனக்கு பயம் வந்துச்சு. அத்தை போயிட்டா அந்த வாசனையும் போயிடுமே! புருஷன், பிள்ளைங்க எல்லாருக்கும் கிறிஸ்துமஸ்னா அந்த வாசனைதான்."

ஒரு நாள் தாம்பாளத்தில் ரவையைக் கொட்டி மாமியார் முன்னால் வைத்திருக்கிறார். கிழவி ஒன்றும் பேசவில்லை. கை மட்டும் போயிற்று. ஒரு பிடி, இரண்டு பிடி, மூன்று பிடி என்று எடுத்துத் தனியே வைத்தார். நாலாவது பிடியில் பாதியை உதறினார். மருமகள் அந்தக் குவியலை அப்படியே தராசில் போட்டு, குழந்தையின் பழைய கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டார். மறுநாள் சர்க்கரை. அதற்கு மறுநாள் வெண்ணெய். வாயும் மனமும் மறந்ததைக் கை மறக்கவில்லை.

அப்படியும் ஒன்று குறைந்தது. அத்தை காலமான பிறகு செய்த முதல் விவிக்கம் நன்றாகவே இருந்ததாம். ஆனால் 'அந்த' விவிக்கம் இல்லை. அடுத்த வருஷமும் அப்படியே. மூன்றாம் வருஷம் கொல்லையில் நாரத்தை மரத்தைக் கழித்துவிட்டு, கை கழுவாமல் நெற்றி வியர்வையைத் துடைத்தபோது மூக்கில் ஏறியது அந்த மணம். நாரத்தங்காய்த் தோலைச் சீவிப் பாகில் போட்டு மாமியார் தனியாக ஒரு சீசாவில் வைத்திருப்பார். அதை ஊறுகாய் என்றே இவர் நினைத்திருந்தார்!

அளவு கேட்கிறீர்கள், தெரியும். ரவை கால் கிலோ, சர்க்கரை கால் கிலோ, வெண்ணெய் கால் கிலோ, முட்டை ஆறு. ரவையை நிறம் மாறாமல் இலேசாக வறுத்து ஆறவிடுங்கள். வெண்ணெயையும் சர்க்கரையையும் வெளுத்துப் பொங்கும்வரை அடியுங்கள். மஞ்சள் கருவை ஒவ்வொன்றாகச் சேருங்கள். பிறகு ரவை, அதன்மேல் ஜாதிக்காய்ப் பொடி ஒரு சிட்டிகை. மூடி வைத்துவிட்டு நாலைந்து மணி நேரம் வேறு வேலை பாருங்கள். ரவை நெய்ப்பும் ஈரமும் குடித்துப் பருக்க வேண்டும். அவசரப்பட்டால் பல்லில் மணல் மாதிரி கடிபடும். கடைசியில் வெள்ளைக் கருவை நுரை நிற்கும்வரை அடித்து, பழம், முந்திரியோடு மெதுவாகக் கலந்து, நெய் தடவிய பாத்திரத்தில் முக்கால் அளவு ஊற்றுங்கள்.

குக்கரில் ரப்பர் வளையமும் வெயிட்டும் கூடாது, தண்ணீரும் கூடாது. இரண்டு விரற்கடை உயரம் மணல் பரப்பி, மேலே ஒரு வளையம் வைத்து, பத்து நிமிஷம் சூடாக்கிய பிறகு பாத்திரத்தை இறக்கி, தணலைக் குறையுங்கள். முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். முதல் அரை மணிக்குள் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே நுரையிலுள்ள காற்றுச் சூட்டில் விரிந்து கேக்கைத் தூக்கிக்கொண்டிருக்கும். சுவர் இன்னும் கெட்டிப்பட்டிருக்காது. குளிர்ந்த காற்றுப் பட்டால் அப்படியே உட்கார்ந்துவிடும். நான் வீட்டுக்கு வந்து முதல்முறை செய்தபோது இருபதாவது நிமிஷம் திறந்து பார்த்தேன். அன்று எங்கள் வீட்டில் இனிப்பு அடை.

"இத்தனை நன்றாகச் செய்கிறீர்களே, விற்கலாமே?" என்று எல்லோரும் கேட்பதை நானும் கேட்டேன். அம்மாள் சிரித்தார். ஒரு டிசம்பரில் நாற்பது கேக்குக்கு ஆர்டர் எடுத்தாராம். முறைப்படி உணவுப் பாதுகாப்புப் பதிவும் வாங்கி, இரவு பகலாகச் செய்து முடித்திருக்கிறார். பணமும் வந்தது. கிறிஸ்துமஸ் அன்று காலையில் பேரன் தட்டை நீட்டியபோது பார்த்தால் வீட்டுக்கு ஒரு துண்டு இல்லை! அதிலிருந்து பன்னிரண்டுக்கு மேல் எடுப்பதில்லை.

இந்த இடத்தில் என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். 'கைவேலையை விற்றால் அதன் ஆனந்தம் போய்விடும்' என்று சிலர் உபதேசம் செய்கிறார்கள். மாதக் கடைசியில் பள்ளிக் கட்டணத்துக்கு விழிப்பவளிடம் போய் அதைச் சொல்லட்டும் பார்க்கலாம். சம்பாதிக்கிற கைக்கு அதுவும் ஒரு சந்தோஷம்தான். ஆனால் நாற்பதா, பன்னிரண்டா என்பதை அவளே தீர்மானிக்க வேண்டும். ஒன்றுவிட்ட மைத்துனர் அல்ல.

இனி பாகூர். வில்லியனூர் அம்மாளின் பள்ளித் தோழி அங்கே வாழ்க்கைப்பட்டவர். இவர் சாமி கும்பிடுவது மூலநாதர் கோயிலில். அவர் மாதா கோயிலில். ஆனால் ஐம்பது வருஷமாக வருஷந்தோறும் விவிக்கத்துக்குள் விழுகிற பழத் துண்டு பாகூர்க் கொல்லையில் காய்த்த பப்பாளி. கடையில் 'டூட்டி ஃப்ரூட்டி' என்று சிவப்பும் பச்சையுமாக வாங்குகிறோமே, அது பெரும்பாலும் பப்பாளிக் காய்தான். தோல் பச்சையாக இருக்கும்போதே பறித்து, சீவி, சின்னச் சதுரமாக நறுக்கி, தெளிந்த சுண்ணாம்பு நீரில் ஒரு மணி நேரம் போட்டால் விறைப்பு வரும். நன்றாக நாலு தண்ணீர் கழுவி, கண்ணாடி போல் ஆகும்வரை வேகவைத்து, பாகில் ஒரு ராத்திரி ஊறவிட்டு, நிழலில் உலர்த்தவேண்டும்.

பாகூர் தண்ணீர்ச் செழிப்புள்ள ஊர். ஏரிக்கு நீர் கொண்டுவரும் பங்காரு வாய்க்கால், சொர்ணாவூர் அணைக்கட்டில் தென்பெண்ணையிலிருந்து பிரிந்து வருகிறது. பங்காரி, சிங்காரி என்ற இரு சகோதரிகள் தங்கள் பொருளைச் செலவிட்டு வெட்டினார்கள் என்று ஊரில் கதை சொல்கிறார்கள். சரித்திரப் பண்டிதர்கள் ஒப்புக்கொள்வார்களோ என்னவோ, பாகூர்ப் பெண்கள் அந்தக் கதையைச் சொல்லும்போது குரலில் ஒரு மிடுக்கு வருகிறது.

பாகூர் அம்மாளும் நோட்டு எழுதுகிறார். இவருடையது தோட்ட நோட்டு. என்ன நட்டார், என்று பூத்தது, எத்தனை காய், எந்தப் பூச்சி, மழை உண்டா. நடுநடுவே 'சின்னவனுக்கு ஜுரம்', 'தேங்காய் இறக்க ஆள் வரவில்லை' என்றும் இருக்கிறது. நாளுக்கு இரண்டே வரி. புதுச்சேரி மண்ணுக்கு இது புதிதல்ல. துய்ப்ளேயின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736-இல் ஆரம்பித்து ஏறக்குறைய இறக்கும்வரை நாட்குறிப்பு எழுதினார். கப்பலும் பேரமும் யுத்தமும் கல்யாணமுமாக இருபத்துநாலு வருஷத்துக்கு மேற்பட்ட காலத்தை அவர் வைத்துப்போனதால்தான் அந்தப் புதுச்சேரியை இன்று நாம் பார்க்கிறோம். அவர் வீட்டுப் பெண்களில் ஒருத்தியாவது அடுப்பங்கரையிலிருந்து இரண்டு வரி எழுதியிருக்கக் கூடாதா என்று எனக்கு ஆதங்கம். பிள்ளையவர்கள் என்ன சாப்பிட்டுவிட்டுக் கவர்னர் மாளிகைக்குப் போனார் என்று தெரிந்திருக்குமே!

தோட்ட நோட்டுக்கு என்ன பிரயோஜனம் என்பீர்கள். 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அது வடிவதற்குள் சாத்தனூர் அணையில் திறந்த நீர் தென்பெண்ணையில் பெருகி வந்து பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களில் புகுந்தது. பப்பாளி மரம் காற்றைக்கூட ஒரு கை பார்த்துவிடும். வேரில் தண்ணீர் தேங்கினால் இரண்டு நாள் தாங்காது. கொல்லையில் இருந்த ஏழு மரமும் இலை துவண்டு, தண்டு அழுகிச் சாய்ந்தன.

வில்லியனூருக்கு டெலிபோன் வந்தது. "மரம் எல்லாம் போச்சுடி. இந்த வருஷம் உனக்குப் பழம் கிடையாது."

"பழம் கிடக்கட்டும்டி. நீ சாப்பிட்டியா? வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சா?"

வந்திருந்தது, முழங்கால் அளவு. அரிசி மூட்டை நனைந்துவிட்டது. நோட்டுகளை மட்டும் பரண்மேல் தூக்கிப் போட்டிருந்தார். மருமகள் திட்டினாளாம், "ரேஷன் கார்டை விட்டுட்டு நோட்டைத் தூக்குறீங்களே அத்தை" என்று. மருமகள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

தண்ணீர் வடிந்ததும் அந்த நோட்டில் 2012-ஆம் வருஷத்துப் பக்கங்களைப் புரட்டினார். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறி ஊரையே மொட்டையடித்ததே, அதற்குப் பிறகு தன் கொல்லை எப்படி மீண்டது என்று அதில் இருந்தது. ஒடிந்த முருங்கைக் கிளையை நட்டது எத்தனையாவது நாளில் துளிர்த்தது, மண் காய்வதற்குள் விதைத்த கீரை எப்படி அழுகியது, மேட்டில் வைத்த பப்பாளி எப்போது பூத்தது எல்லாம் தன் கையெழுத்திலேயே. "நானே எனக்குத் தைரியம் சொன்ன மாதிரி இருந்துச்சு" என்றார். இந்தத் தடவை கீரைக்கு அவசரப்படவில்லை. முதலில் முருங்கைக் கிளை. பிறகு ஒன்றரை அடி மேடு கட்டி, குழிக்கு மூன்று பப்பாளி நாற்று. பூக்கும்போது ஆண் மரத்தைக் களைந்துவிட்டு, மகரந்தத்துக்காகத் தோட்டத்தில் ஒன்றிரண்டை மட்டும் விடவேண்டும். அதுவரை எது எதுவென்று தெரியாது.

அந்த டிசம்பர் விவிக்கத்தில் பப்பாளிக்குப் பதில் வெண்பூசணியைப் பாகில் போட்டார்கள். பேரன் கண்டுபிடிக்கவில்லை. மகன் மட்டும் ஒரு துண்டு தின்றுவிட்டு அம்மாவைப் பார்த்தாராம், ஒன்றும் கேட்கவில்லை. வில்லியனூர் நோட்டில் அன்றைய வரி: 'பூசணி. பரவாயில்லை. நாரத்தை இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம்.' முதல் துண்டு பாகூருக்குப் போயிற்று.

புறப்படும்போது வில்லியனூர் அம்மாள், "வெறுங்கையோடு போகாதேம்மா" என்று கடைத்தெருவுக்குக் கூட்டிப்போய் ஒரு பெரிய மண் தொட்டி வாங்கிக் கொடுத்தார். வில்லியனூர்ச் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. இந்தக் கலையில் தேர்ந்த வி. கே. முனுசாமிக்கு 2020-இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். என் தொட்டி சாதாரணத் தொட்டிதான். மண் தொட்டியின் சுவர் மூச்சு விடும்; ஈரம் பக்கவாட்டிலும் ஆவியாகும். அதனால் வேர் சுலபத்தில் அழுகாது. ஆனால் வெயில் காலத்தில் தண்ணீர் அதிகம் கேட்கும். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் கேட்டார்.

பாகூர் விதையில் ஐந்து போட்டேன். நாலு முளைத்திருக்கின்றன. மொட்டை மாடிக்குத் தினமும் போய்ப் பார்த்துவிட்டு இரண்டு வரி எழுதுகிறேன். நேற்று எழுதியது: 'மூன்றாவது நாற்றில் ஓர் இலையை ஏதோ கடித்திருக்கிறது. அணிலாக இருக்கலாம்.'