பயணிக்கு வரவேற்பு, பழங்குடிக்கு வெளியேற்றமா?

சுற்றுலா, உள்ளூர் மக்கள், இயற்கைப் பாதுகாப்பு ஆகிய மூன்றுக்கும் இடையே சமநிலை காண வேண்டும் என்பது மலைக்காடுகளைப் பற்றி ஆட்சியாளர்கள் ஓயாது சொல்லும் வாதம். நடுநிலையாகத் தோன்றும் இவ்வாதம், விடுமுறைக்கு வருபவரின் களிப்பையும் தலைமுறைகளாக வாழ்வோரின் உரிமையையும் ஒரே தராசில் நிறுத்துகிறது. நடைமுறையிலோ அந்தத் தராசும் நேராக நிற்பதில்லை.

புலிகள் காப்பகங்களின் மையப்பகுதிகளிலுள்ள 591 கிராமங்களை, அதாவது 64,801 குடும்பங்களை, இடம்பெயர்க்கும் பணிக்கு முன்னுரிமை தருமாறு 2024 ஜூனில் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் மாநிலங்களுக்கு எழுதியது. அதே ஆணையத்தின் 2012ஆம் ஆண்டு நெறிமுறைகள், அதே மையப்பகுதியில் 20 விழுக்காடு வரை சுற்றுலாவுக்கு இடமளிக்கின்றன. மனித நடமாட்டமே புலிக்கு ஊறு என்றால், ஜீப்பில் வருபவர் மனிதர் இல்லையா? 2023இல் திருத்தப்பட்ட வனப் பாதுகாப்புச் சட்டமோ, காப்பகத் திட்டத்தில் சேர்க்கப்பட்ட சூழல் சுற்றுலா வசதிகளைக் காடு சார்ந்த பணியாகவே கருதுகிறது. விடுதி கட்டுவது வனப்பணி. தேன் எடுப்பவன் ஆக்கிரமிப்பாளன்!

கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலை இந்தப் பொய்மையை அம்பலப்படுத்துகிறது. சோளகர்களின் அம்மலை 1974இல் சரணாலயமாக்கப்பட்டது. அவர்களது மாற்றிடச் சாகுபடியும், காட்டுச் சருகுக்குப் பருவமறிந்து தீயிடும் வழக்கமும் தடுக்கப்பட்டன. தீ நின்றபின் உண்ணிச்செடி காட்டை மூடியது என்று சோளகர் முதியோர் கூறிவந்ததை ஆய்வாளர்களும் பதிவு செய்துள்ளனர். ஆனால் மைசூர் மன்னர்கள் வேட்டைக்குத் தங்கிய கே.குடியில் இன்று அரசு நிறுவனத்தின் சுற்றுலா விடுதி இயங்குகிறது. அன்று வேட்டைக்கு வந்தவர்க்கும் இன்று வேடிக்கைக்கு வருபவர்க்கும் திறந்த கதவு, மண்ணின் மக்களுக்கு மட்டும் அடைபட்டது.

அக்கதவை மக்கள் போராடித் திறந்தனர். 2011இல் அம்மலை புலிகள் காப்பகமானது. அதே ஆண்டில், வன உரிமைச் சட்டத்தின்படி சோளகர்களின் 25 கிராம சபைகள் சமூக வன உரிமை பெற்றன. நாட்டின் புலிகள் காப்பகங்களில் இதுவே முதல் முறை. 2010இல் 35 எனக் கணக்கிடப்பட்ட புலிகள் 2014இல் 68 ஆயின. மக்கள் வெளியேறவில்லை, புலிகளும் அழியவில்லை.

சுற்றுலா வேலை தருகிறதே என்று நம் தோழர்களில் சிலரும் கேட்கக்கூடும். நிலம் யாருடையது, வருவாய் யாருக்குச் சேர்கிறது, எத்தனை வண்டிகள் நுழையலாம் என்று முடிவு செய்பவர் யார் என்பவையே முதற்கேள்விகள். தன் மண்ணிலேயே விடுதிக் காவலாளியாக நிற்பதை வளர்ச்சி என ஏற்க இயலாது. உழைக்கும் மக்கள் மலையழகைக் காண்பதை நாம் எதிர்க்கவில்லை. காட்டைச் சரக்காக்குவதையே எதிர்க்கிறோம்.

உரிமைகளை ஏற்பளிக்காமலும், கிராம சபையின் தெளிந்த ஒப்புதல் இல்லாமலும் எவரையும் பெயர்க்கக்கூடாது என்று வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2006ஆம் ஆண்டுத் திருத்தமும் வன உரிமைச் சட்டமும் தெளிவாகக் கூறுகின்றன. பழங்குடி இயக்கங்களும் இடதுசாரிகளும் போராடிப் பெற்ற சட்டத்தைச் சுற்றறிக்கையால் சாய்க்க அனுமதியோம்.

2024ஆம் ஆண்டு ஆணையைத் திரும்பப் பெறுக! காப்பகச் சுற்றுலாவின் அளவையும் வருவாயையும் முடிவு செய்யும் அதிகாரத்தைக் கிராம சபைகளுக்கு வழங்குக! இக்கோரிக்கைகளை மலையடிவார ஊர்களோடு நிறுத்திவிடாமல், சுற்றுலாப் பயணிகள் புறப்படும் நகரங்களுக்கும் கொண்டுசெல்வது கட்சி அணிகளின் கடமை.