கோல்கீப்பரைத் திட்டி என்ன ஆகப்போவுது?

எட்டு ஆட்டம், வாங்கின கோல் 26. 2025 ஜூன் மாசம் புரோ லீக் ஆட ஐரோப்பா போன நம்ம ஆண்கள் ஹாக்கி அணியோட கணக்கு இது. வரிசையா ஏழு தோல்வி. எட்டாவது ஆட்டத்துல பெல்ஜியத்தை 4-3ன்னு ஜெயிச்சாங்க, அதுலயும் மூணு வாங்கித்தான். பட்டியல்ல ஒன்பது அணிக்கு எட்டாவது இடம்.

அதுல இருந்து ஹாக்கி பார்க்கிறவங்க வாயில ஒரே பேச்சுதான். ஸ்ரீஜேஷ் போனார், வாசல் திறந்துடுச்சு. பதக், கர்கேரா ரெண்டு பேரும் அவர் இடத்துக்கு ஈடில்ல. பின்னாடி நிக்கிறவங்க கால் வேகம் போயிடுச்சு. கோபம் எனக்கும் இருக்குது. ஆனா அந்தக் கோபம் தப்பான ஆள் மேல விழுதுன்னு நினைக்கிறேன்.

கணக்கைக் கொஞ்சம் பிரிச்சுப் பாருங்க. அந்த எட்டு ஆட்டத்துல நாம போட்ட கோல் 18. ஆட்டத்துக்கு ரெண்டுக்கு மேல. கோல் போடத் தெரியாத அணி இல்ல இது. தோத்த ஏழுல ஆறு ஆட்டம் ஒரே ஒரு கோல் வித்தியாசத்துல போச்சு. பெல்ஜியத்துகிட்ட 3-6ன்னு தோத்தது மட்டும்தான் பெரிய அடி. இதைக் காட்டி "அதிர்ஷ்டம் இல்லீங்க, அவ்வளவுதான்"னு சிலர் சொல்றாங்க. ஒரு தடவை ஒரு கோல்ல தோத்தா அதிர்ஷ்டம் இல்லன்னு சொல்லலாம். ஆறு தடவை தோத்தா, கரையில எங்கயோ ஓட்டை இருக்குதுன்னு அர்த்தம். ஆஸ்திரேலியாவோட மொத ஆட்டத்துல 2-0ன்னு முன்னாடி இருந்து 2-3ன்னு விட்டோமே, அதுக்கு அதிர்ஷ்டத்தையா குத்தம் சொல்றது?

ஓட்டை எங்க? கோல் கம்பத்துகிட்ட இல்ல. பெனால்டி கார்னரையே எடுத்துக்குங்க. எதிரிக்கு அது கிடைச்சுட்டா கோல்கீப்பரும் இன்னும் நாலு பேரும் மட்டும்தான் கோட்டுல நிக்கலாம். மத்தவங்க எல்லாரும் நடுக்கோட்டுக்கு அந்தாண்ட போயிடணும். அப்புறம் ஒருத்தன் அம்பு மாதிரி சுண்டி அடிக்கிற பந்தை அந்த அஞ்சு பேர் தடுக்கணும். உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு முன்னாடி பாயறவரு அமித் ரோஹிதாஸ் மாதிரி ஆளு. பத்துல சிலது உள்ள போகத்தான் செய்யும். கேக்க வேண்டிய கேள்வி, அந்தப் பந்து டி வட்டம் வரைக்கும் எப்படி வந்ததுங்கறதுதான். நடுக்களத்துல நம்ம ஆளு கோட்டை விட்டான். அதைப் பறிகொடுத்த முன்கள ஆட்டக்காரன் இடுப்புல கை வெச்சு நின்னுட்டான். நாலு பேர் செய்ய வேண்டிய வேலை ரெண்டு பேர் தலையில விழுந்தது. தப்பு அங்க நடக்குது, பழி இங்க வருது.

இதுக்குச் சாட்சியும் நம்ம அணியேதான். பாரிஸ் ஒலிம்பிக், 2024 ஆகஸ்ட் 4, பிரிட்டனோட காலிறுதி. 17ஆவது நிமிஷத்துலயே ரோஹிதாஸுக்கு ரெட் கார்டு. மீதி நாப்பது நிமிஷத்துக்கு மேல பத்துப் பேரை வெச்சுத்தான் ஆடினோம், அதுவும் முக்கியமான டிஃபென்டர் இல்லாம. அன்னிக்கு வாங்கினது ஒரே ஒரு கோல். 1-1, அப்புறம் ஷூட் அவுட்ல 4-2ன்னு ஜெயிச்சோம். ஸ்ரீஜேஷ் மலை மாதிரி நின்னார், அதை யாரும் மறுக்க முடியாது. ஆனா அவருக்கு முன்னாடி கோல் போடறவன் கோல் தடுக்கறவன்னு பேதம் இல்லாம ஒன்பது பேரும் திரும்பி ஓடி வந்தாங்க. ஒரு ஆள் குறைஞ்சப்போ தடுக்க முடிஞ்சது. பதினோரு பேரும் இருக்கும்போது ஏன் முடியல? அன்னிக்கு எல்லாரும் தடுத்தாங்க, இப்போ "அதுக்குத்தான் ஆள் இருக்குதே"ன்னு விட்டுடறாங்க.

எங்க மணிமங்கலத்துக்காரனுக்கு இது புதுப் பாடம் இல்ல. ஏழாம் நூற்றாண்டுல சாளுக்கியப் புலிகேசி காஞ்சி மேல வந்தப்போ, பல்லவ நரசிம்மவர்மன் அவனை அடிச்ச இடங்கள்ல எங்க ஊரும் ஒண்ணு. பரியளம், மணிமங்கலம், சூரமாரம்னு கூரம் செப்பேட்டுல பேரே இருக்குது. காஞ்சிக் கோட்டை மதில்ல உக்காந்து, வரட்டும் பார்த்துக்கலாம்னு அவன் காத்திருக்கல. வெளியில வந்து மறிச்சான். அப்புறம்தான் வாதாபி. தடுக்கறதும் தாக்கறதும் ஒரே படையோட வேலை.

பயிற்சியாளர் கிரெய்க் ஃபுல்டனே தடுப்பாட்டத்துக்குப் பேர் போனவர்தான். பாடம் தெரியாம இல்ல. செப்டம்பர்ல ராஜ்கிர்ல ஆசியக் கோப்பை இறுதியில கொரியாவை 4-1ன்னு ஜெயிச்சு உலகக் கோப்பைக்கும் போயிட்டாங்க. சந்தோஷம். ஆனா ஆசியாவுல மறையற ஓட்டை ஐரோப்பாவுல மறையாது. டிசம்பர்ல நம்ம எழும்பூர் மைதானத்துலயே பார்த்தோமே. ஜூனியர் உலகக் கோப்பை அரையிறுதியில ஜெர்மனி 5, நாம 1. வெண்கலப் போட்டியில அர்ஜென்டினாகிட்ட 0-2ன்னு பின்தங்கி, கடைசிக் கால் பகுதியில நாலு கோல் போட்டு ஜெயிச்சாங்க. நானும் கத்தினேன். ஆனா அந்தக் கைத்தட்டல்ல அதுக்கு முந்தின முக்கால் ஆட்டம் எல்லாருக்கும் மறந்துபோச்சு.

அங்கதான் நம்ம பங்கும் இருக்குது. கோல் போட்டவன் போட்டோ பேப்பர்ல வரும். பந்தை இழந்து அம்பது கெஜம் திரும்பி ஓடி மறிச்சவன் பேரை யாரும் எழுதறதில்ல. நாமளும் கேக்கறதில்ல. பார்க்கிற பையனும் சென்டர் பார்வர்டு ஆகத்தான் ஆசைப்படுவான்.

2026 ஆகஸ்ட்ல பெல்ஜியத்துலயும் நெதர்லாந்துலயும் உலகக் கோப்பை. 1975ல கோலாலம்பூர்ல ஜெயிச்சதுக்கப்புறம் அரை நூற்றாண்டா ஒரு உலகக் கோப்பை பதக்கம்கூட நமக்கு இல்ல. அப்போ ஆட்டம் பார்க்கும்போது ஒண்ணு செய்யுங்க. பந்து நம்ம கையை விட்டுப் போனதும் பந்தைப் பார்க்காதீங்க. அதை விட்டவன் அடுத்த அஞ்சு நொடி என்ன பண்றான்னு பாருங்க. அவன் திரும்பி ஓடினா கைத்தட்டுங்க. நின்னுட்டான்னா அவனைத் திட்டுங்க, கோல்கீப்பரை விட்டுடுங்க.