யாருடைய சோகம் பெரிது?

சங்கரன்கோவிலில் விசைத்தறிகளின் ஓசை ஓய்கிற நேரம் குறைவு. மின்சாரம் நின்றால்தான் தெருக்களில் மனிதக் குரல் தெளிவாகக் கேட்கும். அப்படியொரு மாலையில், தேநீர்க் கடை வாசலில் பெரியவர் இருவர் உரத்த குரலில் மோதிக்கொண்டிருந்தனர். நிலத் தகராறோ என்றஞ்சி விலக்கிவிடப் போனோம். தகராறு டி.எம். சௌந்தரராஜனுக்கும் பி.பி. ஸ்ரீநிவாசுக்கும்! சோகப் பாட்டில் யார் உயர்ந்தவர் என்பதே வழக்கு.

"எங்க ஆளு பாடுனா கல்லும் கரையும் அண்ணாச்சி" என்றார் ஒருவர்.

"உங்க ஆளு கத்துதாரு வே. எங்க ஆளு நெசமாவே அழுதாரு" என்றார் மற்றவர்.

அவ்விரு பாடகர்களும் 2013ஆம் ஆண்டில், ஆறு வார இடைவெளிக்குள் ஒருவர்பின் ஒருவராக மறைந்துவிட்டார்கள். வழக்கு மட்டும் இன்னும் தள்ளுபடியாகவில்லை. பக்கத்தில் நின்ற இளைஞர்கள் சிரித்தார்கள். சிரிப்பதற்கு அவர்களுக்கும் உரிமையில்லை. யுவன் சங்கர் ராஜாவா, சித் ஸ்ரீராமா என்று அவர்களுடைய கைப்பேசிகளில் நடப்பதும் இதே வழக்குத்தான்.

ஒரு குரலை இன்னொரு குரலோடு ஒப்பிட்டுச் சுவைப்பது குற்றமன்று. சௌந்தரராஜனின் கம்பீரமும் ஸ்ரீநிவாசின் மென்மையும் வெவ்வேறு என்பதைக் காதுள்ளவர் எவரும் அறிவர். ஆனால் 'நெசமாவே அழுதாரு' என்கிறாரே, அங்குதான் நாம் மறுக்கிறோம். பாட்டில் ஒலிக்கும் துயரத்தைப் பாடியவர் பட்ட துயரமாகவே கொண்டு, யார் மிகுதியாகத் துன்புற்றார் என்று தராசில் நிறுத்தும் பழக்கம் கலைக்கும் நீதியன்று, துயருறுவோர்க்கும் நீதியன்று.

உண்மையில் அழுகிறவரால் பாட இயலாது. துக்க வீட்டுக்குப் போய்வந்த எவரும் இதை அறிவர். தொண்டை அடைக்கும், மூச்சு இடறும், சுருதி எங்கோ போய்விடும். அந்நாளைய ஒலிப்பதிவுக் கூடத்திலோ வாத்தியக்காரர் அனைவரும் சூழ்ந்திருக்க, பாட்டு முழுவதையும் ஒன்றாகப் பாடி முடிக்க வேண்டும். ஓரிடத்தில் பிசகினாலும் எல்லாரும் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அங்கே நின்று, தம் கண் கலங்காமல் நம் கண்ணைக் கலங்க வைத்தாரே, அது உழைப்பு. அதைக் கண்ணீர் என்று சொல்லி நாம் அவரை உயர்த்தவில்லை. அவருடைய கூலியைக் குறைக்கிறோம்.

ஏ.எம். ராஜாவை எண்ணிப் பாருங்கள். 1959இல் வெளிவந்த 'கல்யாண பரிசு' படத்தில் காதலில் தோற்றவனுக்காகப் பட்டுக்கோட்டை கலியாணசுந்தரம் எழுத, ராஜா தாமே இசையமைத்துப் பாடினார். தோல்வியுற்ற காதலர் பல்லாயிரவருக்கு அது சொந்தக் குரலாயிற்று. பாடியவரோ தம்மோடு சேர்ந்து பாடிய ஜிக்கியை மணந்து வாழ்ந்தவர். அவருடைய முடிவுதான் துயரமானது. 1989இல், நம் பக்கத்து வள்ளியூர் இரயில் நிலையத்தில் நேர்ந்த விபத்தில் அவர் உயிர் போயிற்று. சோகத்துக்கு மதிப்பெண் போடும் நம்மவரில் எத்தனை பேர் அந்த நிலையத்தைக் கடக்கும்போது அவரை நினைக்கிறார்கள்?

தூத்துக்குடியில் பிறந்த நம்மவர் ஒருவரும் இருந்தார். பனிமய மாதாவின் பெயரைத் தம் பெயரிலேயே தாங்கிய ஜோசப் பனிமயதாஸ், நாடறிந்த ஜே.பி. சந்திரபாபு. வாய்ப்பின்றி அலைந்த இளமை, முறிந்த மணவாழ்க்கை, பாதியில் நின்றுபோன சொந்தப் படம், 1974இல் நாற்பத்தாறு வயதில் மரணம். மெய்யான துயரமே அளவுகோல் என்றால் முதலிடம் இவருக்கல்லவா? தேநீர்க் கடைப் பட்டியலில் இவர் பெயரே இல்லை. அவர் நம்மைச் சிரிக்க வைத்துவிட்டார், அதுதான் பிழை போலும்.

'துன்பத்தில் இருப்பவனுக்குப் பாட்டு மருந்தல்லவா?' என்று கேட்பீர்கள். மருந்துதான். சென்னையில் வாய்ப்பில்லாமல் சோர்ந்து ஊர் திரும்ப இருந்த வாலி, 'சுமைதாங்கி' (1962) படத்துக்குக் கண்ணதாசன் எழுதிய பாடலை ஸ்ரீநிவாஸ் பாடிக்காட்டக் கேட்டு, புறப்படும் எண்ணத்தையே கைவிட்டதாகத் தாமே சொல்லியிருக்கிறார். ஆனால் கவனியுங்கள்: பாடகர் அந்த அறைக்கு வந்தார், சோர்ந்தவன் எதிரே உட்கார்ந்து பாடினார். நம் தெருக்களிலோ சாவு வீட்டில் ஒப்பாரி வைக்கும் பாட்டியை 'போதும், நிறுத்து' என்று அடக்கிவிட்டு, வாடகை ஒலிபெருக்கியில் சினிமாச் சோகத்தை அலற விடுகிறோம். இறந்தவனின் பெயரையும் அவன் செய்த நன்மையையும் சொல்லி அழுதவள் அவள் ஒருத்திதான்.

தேநீர்க் கடை வழக்கை முடிக்கவில்லை. ஸ்ரீநிவாஸ் கட்சிக்காரர் சில வாரங்களாகக் கடைக்கு வரவில்லை. கடன் நெருக்க, இருந்த இரண்டு தறிகளையும் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கிறார் என்று கடைக்காரர் சொன்னார். சௌந்தரராஜன் கட்சிக்காரர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். போய்ப் பார்த்து வருவோம் என்று நாம் எழுந்தோம், அவரும் எழுந்தார்.

"வீடு எந்தத் தெரு வே?" என்று அவர் நம்மைக் கேட்டார். அந்த மனிதரோடு இருபது ஆண்டு வாதாடியவர். நமக்கும் தெரியவில்லை.