கல்லும் களைக்கும்!

மாடு களைக்கும், மனிதன் களைப்பான், கான்கிரீட் களைக்குமா? களைக்கும்! 1903-லேயே வான் ஆர்னம் என்ற அமெரிக்கப் பேராசிரியர் சோதித்து அறிவித்த உண்மை இது. பொறியியலார் இதனை ‘அயர்வு’ என்கின்றனர்.

ஒரே தடவை அழுத்தினால் நூறு டன் தாங்கும் கான்கிரீட் துண்டு ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன்மீது ஐம்பத்தைந்து டன்னை ஏற்றியும் இறக்கியும் வந்தால், ஏறத்தாழ ஒரு கோடித் தடவையில் அந்த ஐம்பத்தைந்து டன்னுக்கே நொறுங்கிவிடும். ஜல்லிக்கும் சிமெண்டுப் பசைக்கும் இடையே பிறவியிலேயே மயிரிழை வெடிப்புகள் உண்டு. ஒவ்வொரு சுமையும் அவற்றை இம்மியளவு நீட்டுகிறது. நெடுங்காலம் மெல்ல ஊர்ந்து, கடைசியில் மளமளவென்று ஒன்றோடொன்று கூடிவிடுகின்றன. ஊரும் காலத்தில் வெளியே நின்று பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது!

1856-ல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில் பாதையில் இருப்பது நமது கடம்பத்தூர். இன்று அங்கே தண்டவாளத்தைத் தாங்குபவை கான்கிரீட் கட்டைகள். 58 வேகன் கொண்ட சரக்கு ரயில் ஒன்று கடந்தால், ஒவ்வொரு கட்டையும் வாங்கும் அடி 232. நாளைக்குப் பத்தே சரக்கு ரயில் என்றாலும், பன்னிரண்டு ஆண்டில் ஒரு கோடி அடி! கட்டைகள் நிற்கின்றனவே என்பீர்கள். ஆம், வடிவமைத்தோர் அயர்வை அறிந்து அழுத்தத்தைத் தாழ்வாக வைத்தனர், அதனால் நிற்கின்றன. ‘இன்ன சுமை, இத்தனை தடவை’ என்று செய்த ஒப்பந்தம் அது.

தண்டவாளத்தில் இந்தக் கணக்கு இருக்கிறது. சாலைப் பாலத்தில்? கும்மிடிப்பூண்டி ஆலைகளுக்கு இரும்பு ஏற்றிச் செல்லும் லாரிகளின் அடியைக் கணக்கெடுப்பவர் யார்? 2018-ல் மத்திய அரசு, நான்கு டயர் கொண்ட அச்சுக்குரிய சுமையை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. எட்டில் ஒரு பங்கு உயர்வு! காகிதத்தில் ஒரு கையெழுத்து. பழைய பாலத்துக்கோ ஆயுள் வெட்டு. கான்கிரீட்டின் வலிமையில் நூற்றுக்கு ஆறேழு பங்கு அழுத்தம் கூடினால், தாங்கும் தடவைகள் பத்தில் ஒன்றாகச் சுருங்கும் என்பது சோதனைச் சாலையின் கணக்கு.

2025 ஜூலை 9 காலை, குஜராத்தில் மாகி ஆற்றின் கம்பீரா பாலம் வண்டிகளோடு விழுந்தது. இருபது பேருக்குக் குறையாமல் மாண்டனர். அயர்வுதான் காரணம் என்று நாம் தீர்ப்புக் கூறவில்லை. அன்று காலை வரை அந்தப் பாலத்தின்மீது போக்குவரத்து நடந்ததே, அதைத்தான் எண்ணிப் பார்க்கச் சொல்கிறோம்.

நாம் கேட்பவை மூன்று. ஒவ்வொரு பாலத்திலும், கட்டிய ஆண்டு, அனுமதித்த சுமை, கடைசியாகச் சோதித்த நாள் மூன்றையும் பலகையில் எழுதுக. சுமை வரம்பை உயர்த்துமுன் பழைய பாலங்களின் கணக்கை மீண்டும் போடுக. ஆலை வாசலிலேயே லாரியை எடை போடுக. மிகைச் சுமைக்கு 20,000 ரூபாயும், கூடுதல் டன்னுக்கு 2,000 ரூபாயும் அபராதம் விதிக்கும் சட்டம், ஓட்டுபவரை மட்டுமல்ல, ஓட்டச் செய்பவரையும் குறிப்பிடுகிறது. பிடிபடுபவர் ஓட்டுநர், பிழைப்பவர் முதலாளி என்ற நிலை போதும்!

கான்கிரீட் களைப்பைச் சொல்லாது. அதற்காகப் பேச வேண்டியவர்கள், அதன்மீது நாள்தோறும் நடக்கும் மக்களே.