வண்டிக்கும் பிறந்த தேதி உண்டு

பழைய மோட்டார் சைக்கிள் வாங்கியவரிடம் வண்டியின் வயதைக் கேளுங்கள். "2015 மாடல் சார்" என்பார். புரோக்கர் சொன்னதுதான் ஆதாரம். இந்தப் பழக்கம் எனக்குச் சம்மதமில்லை. 2014-இல் தயாராகி, ஷோரூமில் கிடந்து, மறுவருடம் பதிவான வண்டியும் சந்தையில் 2015 மாடல்தான்!

"15 வருடக் கணக்கே பதிவு நாளிலிருந்துதானே?" என்று வாதாடுவார்கள். சரிதான். ஆனால் ரப்பரும் வயரும் ஆர்.சி. புத்தகம் பார்த்தா மூப்படைகின்றன?

அதே ஆர்.சி.யில் தயாரித்த மாதமும் வருடமும் தனியாக இருக்கின்றன. படிப்பாரில்லை. ஹேண்டில்பாருக்குக் கீழே, வண்டியின் கழுத்தில் பொறித்திருக்கும் 17 இலக்க சேஸிஸ் நம்பரையும் பாருங்கள். பெரும்பாலும் பத்தாவது எழுத்துதான் வருடம்: 2014-க்கு 'ஈ', 2015-க்கு 'எஃப்'. அந்த நம்பர் ஆர்.சி.யோடு ஒத்துப்போகவில்லை என்றாலோ, சுரண்டியிருந்தாலோ, பிரச்சினை வயது மட்டுமல்ல.

"வாங்கியாச்சு, இனிப் பார்த்து என்ன?" என்பதையும் நான் ஏற்கமாட்டேன். இன்ஷூரன்ஸ் மதிப்பு வயதைப் பொறுத்தது. டயர், பிரேக் மாற்றுவதும் அப்படித்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, நாளை அந்த வண்டியை இன்னொரு ஏழைப் பையனிடம் விற்கும்போது, நமக்குச் சொன்ன பொய்யை நாமும் சொல்லாமலிருக்கலாம்.