நிஜமாவே வாய்க்கொழுப்பு!

ராஜபாளையம் டு ஸ்ரீவில்லி பஸ்ல பக்கத்து சீட் அங்கிள் குறட்டை விட்டா சிரிக்கிற ஆளா நீங்க? நடுவுல மூச்சே நின்னு, திணறி, மறுபடி ஸ்டார்ட் ஆச்சுன்னா சிரிக்காதீங்க பாஸ். அது ஸ்லீப் ஆப்னியா. 2022-ல இசையமைப்பாளர் பப்பி லஹிரி இறந்ததுக்கு டாக்டர்கள் சொன்ன காரணம் இதுதான்!

பால்கோவாவா வெளுத்துக்கட்டி உடம்பு ஏறினா, நாக்குலயும் கொழுப்பு சேரும். தூக்கத்துல அது பின்னால சரிஞ்சு மூச்சுப்பாதையை அடைக்கும். எடை குறைஞ்சு நாக்குக் கொழுப்பு கரைஞ்சா திணறலும் குறையுதுன்னு 2020-ல பென்சில்வேனியா பல்கலைக்கழகம் சொல்லுச்சு.

இப்ப மேட்டர் என்னன்னா, குச்சி ஐஸ் சப்புற குழந்தைகளுக்குக் கன்னக் கொழுப்பு கரையறதைக் கவனிச்சு ஹார்வர்டு டாக்டர்கள் பிடிச்ச 'குளிர்' வித்தையை, நாக்கோட அடிப்பகுதியிலயும் முயற்சி பண்றாங்க. இன்னும் சோதனைதான். ஐஸ் கடிச்சுட்டுப் படுத்தா ஒரு பலனும் இல்லை! இப்போதைக்கு சிபாப் மெஷின்தான் கைகொடுக்குது. நைட் ஷிப்ட் முடிச்சு வந்து தூங்குற அப்பாவோட குறட்டையை செல்லுல ரெக்கார்ட் பண்ணி, டாக்டர்கிட்ட போட்டுக் காட்டுங்க.