ஐந்து நாள் மாவு

காலை ஆறே முக்கால். பூச்சோங் பதினாலாம் கட்டையில் என் தோசைக்கடைக்கு எதிரே, மோட்டாரில் வந்த இரண்டு பேர் ஒரு சீனக் கிழவியின் பையைப் பிடுங்கினார்கள். வாரம் தவறாமல் என்னிடம் தோசை வாங்குகிறவள். பை வார் அறுபடவில்லை. கிழவியையும் சேர்த்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார்கள். கடையில் எட்டுப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாவுக் கையோடு, பொட்டலம் மடிக்கிற தாளில், மோட்டார் நம்பரை எழுதியவள் நான் ஒருத்திதான்.

ரிப்போர்ட் போடப் போகிறேன் என்றதும் வீட்டுக்காரர் கத்தினார். "போலீஸ் பாலாய் பக்கம் போகாதே. குகனை மறந்துட்டியா?"

மறப்பேனா? பூச்சோங்கில் பிடித்துக்கொண்டு போன பையன், 2009 ஜனவரி 20ஆம் தேதி சுபாங் ஜெயா தைப்பான் போலீஸ் நிலையத்தில் பிணமானான். அவன் தாயார் வழக்குப் போட்டு, போலீஸ்தான் பொறுப்பு என்று உயர்நீதிமன்றம் சொல்ல 2013 ஆயிற்று. தெரியும். ஆனாலும், "நான் கைதியாவா போறேன்? சாட்சியாத்தானே போறேன்" என்று நியாயம் பேசினேன். என்ன அறிவு எனக்கு!

வாக்குமூலம் கொடுத்தேன். இன்னொரு நாள் வரச் சொல்லி ஆளை அடையாளம் காட்டச் சொன்னார்கள். வரிசையில் நின்றவர்களில் ஒருவனைக் காட்டினேன். நம்ம பையன்தான். அது வேறு வயிற்றெரிச்சல். பிறகு சப்பினா வந்தது. வராவிட்டால் வாரண்டு என்றார்கள். வராமல் இருக்கிற ஆளா நான்?

முதல் தடவை அரசாங்க வக்கீல் வேறு கோர்ட்டில் இருந்தார். இரண்டாம் தடவை தமிழ் மொழிபெயர்ப்பாளர் லீவு. மார்க்கெட்டுக்கு என் மலாய் போதும். ஒருவன் சிறைக்குப் போவதா வேண்டாமா என்கிற இடத்தில் எனக்குத் தமிழ்தான் வாயில் நிற்கும். அதைக் கேட்டதற்கு, வழக்கை இழுத்தடிக்கிறவளே நான்தான் என்கிற மாதிரி ஒரு பார்வை. மூன்றாம் தடவை எதிர்க்கட்சி வக்கீலுக்கு எம்.சி., மருத்துவ விடுப்பு. நான்காம் தடவை மாஜிஸ்திரேட்டுக்கு மாற்றல்.

ஒவ்வொரு தடவையும் முதல் நாள் இரவே மாவு அரைத்து வைத்துவிடுவேன். பதினோரு மணிக்காவது கடையைத் திறக்கலாம் என்ற நப்பாசை. திரும்பி வரும்போது மூன்று மணி. மாவு பொங்கி, புளித்து, வாளியை விட்டு வழிந்து கிடக்கும். கடை மூடியிருந்தால் எனக்கு யார் சம்பளம் தருவார்? படிக்காசு என்று கையில் வைத்தது கிரேப் காருக்கே காணாது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன், ஐயா. அந்தப் பெஞ்சு ஒன்றைத்தான் பொறுக்க முடியவில்லை. கோர்ட்டு நடையில் ஒரே ஒரு நீளப் பெஞ்சு. ஜாமீனில் வந்த அவன் ஒரு முனையில், நான் மறுமுனையில். மூன்றாம் தடவையின்போது மெல்ல நகர்ந்து வந்தான். மிரட்டவில்லை, மரியாதையாகத்தான் கேட்டான்: "அக்கா, கடை இன்னும் அதே இடத்துலதானா?" அன்றைக்கு இரவு தாழ்ப்பாளைப் போட்டதும் நான்தான், எழுந்து எழுந்து போய்ப் பார்த்ததும் நான்தான். சாட்சிகளைப் பாதுகாக்க 2009இலேயே சட்டம் இருக்கிறதாம். அடுப்பையும் கல்லையும் தூக்கிக்கொண்டு எங்கே ஒளிவேன் நான்?

ஐந்தாம் தடவை கிழவியே இல்லை. ஈப்போவில் மகன் வீட்டுக்குப் போனவள் அங்கேயே இறந்துபோனாளாம். ஏதோ படித்தார்கள், டி.என்.ஏ.ஏ. என்றார்கள். அரசியல்வாதிகளின் வழக்குச் செய்திகளில் கேட்ட எழுத்து. விடுதலை இல்லை, ஆனால் போகலாம் என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னார். அன்றைக்குப் பார்த்து அவர் வந்திருந்தார்! அவன் போனான். சாட்சிக் கூண்டில் நான் ஒரு நாள்கூட ஏறவில்லை. அந்தப் பொட்டலத் தாளை யாரும் விரித்துப் பார்க்கவில்லை.

இந்த நாட்டில் ஒரு காலத்தில் ஜூரி இருந்தது. தூக்குத் தண்டனைக்குரிய வழக்கில் சாதாரண ஜனங்கள் ஏழு பேரை உட்கார வைத்துத் தீர்ப்புக் கேட்பார்கள். 1995இல் அதை எடுத்துவிட்டார்கள். மோனா ஃபெண்டி கொலை வழக்கு முன்பே தொடங்கிவிட்டதால் அந்த ஆண்டும் தெமர்லோவில் ஜூரி உட்கார்ந்து குற்றவாளி என்று சொன்னது. அந்தக் காலத்தில் ஜூரிக் கடிதம் வந்தால் எம்.சி. வாங்க டாக்டரிடம் ஓடுவோம் என்று தோட்டத்துப் பழைய கிராணி ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்வார். அப்போது அவரை மனசுக்குள் ஏசியிருக்கிறேன். இப்போது வேறொன்று தோன்றுகிறது. அந்த ஏழு பேருக்காவது ஆளுக்கொரு நாற்காலி போட்டார்கள். அவர்கள் வாய் திறக்கிறவரை நீதிபதியே காத்திருந்தார்.

எங்களிடம் இனி என்ன கேட்கிறீர்கள்? பொதுத்தேர்தலில் வரிசையில் நின்று விரலில் மை வைத்துக்கொள்கிறோம். குப்பைக்கும் சாக்கடைக்கும் பொறுப்பான நகர் மன்றத்துக்கோ ஓட்டே கிடையாது. இந்தோனேசியாவோடு கொன்ஃப்ரொந்தாசி, மோதல் என்று அந்தத் தேர்தலை 1965இல் நிறுத்தினார்கள், 1976இல் சட்டம் போட்டே மூடினார்கள். சண்டை அறுபத்தாறிலேயே முடிந்துவிட்டது. உள்ளூர் விஷயம் எதிலும் எங்கள் வாயைக் கேட்காதவர்கள், திருடன் வந்தால் மட்டும் "பொதுமக்கள் முன்வர வேண்டும்" என்கிறார்கள். முன்வந்தேனே!

போன மாதம் அதே திருப்பத்தில் இன்னொரு பை போனது. வங்காளதேசத்துப் பையன் ஒருவனுடையது, தோள்பட்டை இறங்கிவிட்டது. போலீஸ் வந்தது. கடை கடையாக விசாரித்துக்கொண்டே என்னிடமும் வந்தார்கள். "அக்கா, ஏதாவது பார்த்தீங்களா?"

தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தேன். "இல்லை துவான். புகை."

சிவப்பு மோட்டார். கடைசி நம்பர் 4, 4, 7. முன்னால் உள்ள எழுத்தும் தெரியும்.